பெரியப்பாவைச் சாகடித்த வியாழக்கிழமை

தலைக்கு டை அடித்துக்கொண்டு பவர் பிரஸ் ஓட்டக் கூடாது. இதை எந்த சேஃப்டி வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரகடம் சாலையில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. பிரஸ் ஷாப்புக்குள் ஹெல்மெட்டைக் கழற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாய் அடித்த டை, திங்கட்கிழமை வியர்வையில் கரைந்து, காதுக்குப் பின்னால் இறங்கி, சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்துகொண்டது. துவைக்க எடுத்த மனைவி, "இன்னாயா இது, கிரீஸா?" என்றாள்.

"ஆமா, கிரீஸ்தான்."

அவள் காலரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "உங்க கம்பெனில கிரீசுக்கு சென்ட்டு கலக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டு வாளியில் போட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரம் அந்தத் தெருவில் என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நிமிர்ந்தால் காலர் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தொடர் டிவியில் வர ஆரம்பித்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். வியாழக்கிழமைதோறும் இரவு எட்டரை மணிக்கு வரும். நாற்பத்தைந்தைத் தாண்டிய நான்கு ஆண் நண்பர்களின் கதை. ஒருவர் வழுக்கையை மறைக்க ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை முடியை இழுத்து வாருவார். ஒருவர் பூங்காவில் நடக்க வரும் ஒரு அம்மாவுக்காகக் கேன்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவார். இன்னொருவருக்கு நிலைக்கண்ணாடியோடுதான் சண்டை. நான்காமவர் பேங்க் கிளார்க். மனைவியை இழந்தவர். அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சரம்மா மேல் அவருக்குப் பிரியம். வாரா வாரம் அந்த வீட்டு கேட்வரைக்கும் போவார், வாய் திறக்காமல் திரும்பிவிடுவார். இவ்வளவுதான் கதை. சிரிக்க வைப்பதற்காக எடுத்தது.

முதல் வாரமே அந்தக் கண்ணாடிக்காரர் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க நின்ற காட்சி வந்தது. யாரோ என் வீட்டுக்குள் கேமரா வைத்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது. மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். எழுந்து டிவியை அணைத்தேன். அவள் எழுந்து போட்டாள். எனக்குக் கோபம் வருகிற வேகத்திலேயே இறங்கியும் விடும். அடுத்த வியாழக்கிழமை எட்டு இருபதுக்கே டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கம்பெனியில் எனக்கு நெருக்கம் இரண்டே பேர். ஒருவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என் பக்கத்து பிரஸ். ஐம்பத்தொரு வயது. என்னைப் போலவே குன்றத்தூரில் வாடகைக்குக் குடியிருந்தார். அண்ணி இறந்து ஒன்பது வருடம். ஒரே மகளை வேலூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் வெல்டர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் எங்களைக் கிண்டல் செய்வது என்று ஒழுங்காக வாழ்ந்தவர். அண்ணனும் நானும் கம்பெனி பஸ்ஸில் வருவோம், வெல்டர் மொபெட்டில் வருவார்.

தொடர் வந்த பிறகு வெல்டர் எங்களுக்குள் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். வயிற்றை இழுத்துப் பிடிப்பவர் நான். ஷூ வாங்கி ஓடுபவர் அவரே. அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை. தராமலே எல்லாருக்கும் தெரியும், அவர்தான் பேங்க் கிளார்க் என்று.

ஏனென்றால் எங்களுக்கும் ஒரு டீச்சரம்மா இருந்தார். கேன்டீனில் டீ, டிபன் பரிமாறும் பொறுப்பில் இருந்த அம்மா. மணிமங்கலத்திலிருந்து வருவார். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். வரிசையில் யார் முந்தினாலும் கரண்டியை நீட்டியே பின்னுக்குத் தள்ளுவார். ஜெனரல் மேனேஜர் ஒருமுறை முந்தினார், அவருக்கும் அதே கரண்டிதான். அண்ணன் டம்ளரை நீட்டும்போது மட்டும் டீயில் ஏடு விழாமல் ஒதுக்கி ஊற்றுவார். இதை முதலில் கண்டுபிடித்தது வெல்டர்.

எங்கள் வேலை நேரத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். காலை ஷிப்ட் வாரத்தில் வியாழக்கிழமை வீட்டில் இருப்போம், தொடரைப் பார்த்துவிடுவோம். மதிய ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கு உள்ளே போய்ப் பதினொன்றரைக்குத்தான் வெளியே வருவோம். ஆக, ஒரு எபிசோடு கண்ணால் பார்ப்பது, அடுத்தது காதால் கேட்பது. எனக்கு வெள்ளிக்கிழமை காலை என் மனைவி சொல்வாள். அண்ணனுக்கு யார் சொல்வது?

கேன்டீன் அம்மாதான் சொன்னார். வெள்ளிக்கிழமை நாலரை மணி டீ இடைவேளை. மொத்தம் பத்து நிமிடம். அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு கவுன்டர் ஓரமாக ஒதுங்குவார். அம்மா மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டே சொல்லச் சொல்ல, அவர் டீ குடிக்க மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார். கேன்டீனில் ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் பத்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் கதை கட்டிவிடுவார்கள். ஆனால் டிவி கதையைப் பேசினால் யார் என்ன சொல்ல முடியும்? பாதி கேன்டீனே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

இதில் ஒரே சங்கடம், அண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது. அம்பத்தூரில் பன்னிரண்டு வருடம், இங்கே ஆறு வருடம் என்று பதினெட்டு வருடமாக பிரஸ் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தி, அவருடைய சாதாரணப் பேச்சே மேடைப் பேச்சாகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அவர் ரகசியம் சொன்னால் செக்யூரிட்டி கேபினில் கேட்கும். "அப்புறம் இன்னா ஆச்சும்மா?" என்று அவர் கேட்டால், எங்கோ தட்டு கழுவிக்கொண்டிருப்பவர்கூட அப்புறம் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸில் ஏறியதும் நான் அண்ணனிடம் அந்த வாரக் கதையைச் சொல்லிவிட்டேன். கிளார்க் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போகிறார். கேட்டருகே நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் வந்த மாடு மல்லிகையைத் தின்றுவிடுகிறது. அன்று காலை என் மனைவி சொன்னது இதுதான். சாயங்காலம் டீ இடைவேளை முடிந்ததும் அண்ணன் என்னிடம் வந்தார். முகமெல்லாம் பல்.

"மாடுமில்ல, ஆடுமில்ல. அந்தம்மாவே கேட்டண்ட வந்து பூவ வாங்கி தலைல வெச்சிகினாங்களாம். உன் வூட்டுக்காரி தூங்கிட்டு இருந்துகிறாங்க, போய் கேளு."

அதுவும் நடக்கக்கூடியதுதான். என் மனைவிக்கு டிவி முன்னால் கண் சொக்கும். வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நானா தூங்கினேன்?" என்று அவள் இடுப்பில் கை வைத்தாள். "கண்ண முழிச்சிகினு பாத்தேன். மாடு. செவப்பு மாடு. கழுத்துல மணி கூட கீது."

"அந்தம்மா பூவ வெச்சிகினாங்கன்னு கேன்டீன்ல சொல்றாங்க."

"கேன்டீன்ல சொல்றவங்க வேற டிவில பாத்துருப்பாங்க."

அடுத்த வாரம் காலை ஷிப்ட். தொடரை நாங்களே பார்த்தோம். டீச்சரம்மாவுக்குப் பூ வாங்கிய நினைவே இல்லை. கிளார்க்கை யாரோ போலப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் காலை பஸ் முழுவதும் கேட்கும்படி டைரக்டரைத் திட்டிக்கொண்டு வந்தார். "போன வாரம் பூ வெச்சிகிது, இந்த வாரம் ஆள் யாருன்னே தெரியலங்கிது. இவனுங்கள்லாம் இன்னாத்த படம் எடுக்குறானுங்க!" நான் என் பங்குக்கு மனைவியைத் திட்டினேன், மனசுக்குள்.

இன்னொரு வாரம் கிளார்க்குக்கு சர்க்கரை நோய் என்று வந்தது. நண்பர்கள் அவர் முன்னாலேயே ஜிலேபி தின்று வெறுப்பேற்றினார்கள் என்றாள் என் மனைவி. கேன்டீன் அம்மா சொன்ன கதையில் ஜிலேபி இல்லை. டீச்சரம்மா அவருக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ தனியாகப் போட்டுக் கொடுத்தாராம். அதற்கு முந்தைய வாரம்தான் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் அண்ணனுக்கு சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கேன்டீனில் பெரிய கேன் பக்கத்தில் ஒரு சின்ன தூக்கு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து டீ வாங்கியது ஒரே ஒரு டம்ளர்தான். நான் தினமும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், ஜிலேபி விஷயத்தில் மறுபடியும் மனைவியோடு சண்டை போட்டேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது.

இப்படியே நாலைந்து மாதம் ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை, அடுத்த வாரத்தோடு தொடர் முடிகிறது என்று கீழே எழுத்து ஓடவிட்டார்கள்.

அண்ணன் இடிந்துபோய்விட்டார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. டிவி தொடர் முடிவதற்கு இப்படியா ஒரு மனிதர் சோறு இறங்காமல் இருப்பார்? அப்புறம்தான் உறைத்தது. தொடர் முடிந்தால் வெள்ளிக்கிழமை கவுன்டர் ஓரமாக நிற்க அவருக்கு ஒரு சாக்கும் கிடையாது. டம்ளரை நீட்டுவார், டீ விழும், பின்னால் இருப்பவன் தள்ளுவான், நகர வேண்டியதுதான். வருடக் கணக்கில் தனியாகச் சாப்பிட்ட மனிதர். நல்லா இருக்கியா, சாப்ட்டியா என்று கேட்க ஒரு ஆள் இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

"கேட்டுடுணா" என்றேன், திங்கட்கிழமை மதியம் பஸ்ஸில். "கட்டிக்கிறீங்களான்னு நேரா கேட்டுடு."

"இந்த வயசுலயா? வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா மூஞ்ச எங்க வெச்சிக்கிறது? தெனம் டீக்குப் போவணுமே." அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தவராக, "ஒண்ணு பண்றேன். கடைசி எபிசோட்ல அந்த பேங்க் ஆளு கேட்டுட்டான்னா நானும் கேட்டுடுறேன். அவன் கேக்கலன்னா நானும் வுட்டுடுறேன்" என்றார்.

இதை அவர் என்னிடம்தான் சொன்னார். டிரைவர் உட்பட ஐம்பது பேர் கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பஸ்ஸில் பேசிய பேச்சு கேன்டீனுக்குப் போய்ச் சேர, பருப்பு வேகும் நேரம்கூட ஆகாது.

கடைசி எபிசோடு வந்த வாரம் எங்களுக்கு மதிய ஷிப்ட். வெல்டருக்கும் எனக்கும் அது பொறுக்கவில்லை. ஒரு மனிதனின் தலையெழுத்தே அந்த அரைமணி நேரத்தில் இருக்கிறது, அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டாமா? வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு கேட் பாஸ் வாங்கி வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்பா. நாளைக்கு அவங்களே சொல்லுவாங்க. நான் கேட்டுக்கறேன்" என்று இரண்டு முறை சொன்னார். நாங்கள் அதைக் கூச்சம் என்று நினைத்தோம். அவருக்கு வேண்டியது கதை இல்லை, அதைச் சொல்கிற குரல்தான் என்பது இரண்டு தடி மாடுகளுக்குப் புரியவில்லை. "கடைசி எபிசோட போய் யாராவது காதால கேப்பானா?" என்று வெல்டர் அதட்டி அடக்கிவிட்டார்.

கேட் பாஸுக்குக் காரணம் எழுத வேண்டும். சாவு என்றால்தான் சூபர்வைசர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். அண்ணனின் அப்பா, அம்மா இருவரும் நிஜமாகவே இறந்து கம்பெனி ஃபைலில் ஏறிவிட்டவர்கள். வெல்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்து, 'பெரியப்பா மரணம்' என்று எழுதினார். அண்ணனின் அப்பாவோ வீட்டுக்கு மூத்த பிள்ளை. பெரியப்பா என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

சூபர்வைசர் மதுரைப் பக்கத்து ஆள். எங்களைவிடச் சின்னவர், நல்ல மனசுக்காரர். அதுதான் வினையாகிவிட்டது. "அடடா, என்ன வயசு? உடம்புக்கு முடியாம இருந்தாகளா?" என்று உருகினார். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும். எண்பத்திரண்டு என்றேன். மூச்சிரைப்பு என்றார் வெல்டர். செக்‌ஷன் சார்பில் மாலை கொண்டுபோக ஆள் அனுப்பட்டுமா என்று அவர் கேட்டார். "மதியமே எடுத்துட்டாங்களாம் சார், இவரு போய் தலைய காட்டினா போதும்" என்று சொல்லி ஒரு வழியாகப் பெரியப்பாவை எரித்தோம். அண்ணன் பக்கத்தில் நின்று நெளிந்துகொண்டிருந்தார். சூபர்வைசர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கேன்டீன் அம்மா ஐந்தரைக்கு வேன் ஏறிப் போன பிறகு, ஆறு மணிக்கு, வெல்டரின் மொபெட்டில் அண்ணனைக் கிளப்பிவிட்டோம். அவர் பிரஸ்ஸில் அச்சு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. நான்தான் ஓடி ஓடி இரண்டையும் பார்த்தேன். எட்டரை மணி ஆனபோது எனக்குக் கையில் வேலையே ஓடவில்லை. கேள்டா, கேட்டுத் தொலைடா என்று அந்த முகம் தெரியாத கிளார்க் நடிகனை வேண்டிக்கொண்டே தகடு அடித்தேன்.

மறுநாள் காலை மனைவி சொன்னாள். கிளார்க் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாராம். கேட்டுக்கு எதிரே நின்றாராம். உள்ளே விளக்கு எரிந்ததாம். திரும்பிவிட்டாராம். நாலு பேரும் ரோட்டுக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டு, நமக்கு நாம்தான் துணை என்று சிரித்தார்களாம். அவ்வளவுதான், முடிந்தது.

"நல்லா பாத்தியா? தூங்கலயே?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கையிலிருந்த துடைப்பத்தை அவள் பார்த்த பார்வையில் நான் குளிக்கப் போய்விட்டேன்.

காலையிலேயே வெல்டர் வீட்டில் மொபெட்டை ஒப்படைத்துவிட்டு வந்திருந்த அண்ணன் பஸ்ஸில் ஏறினார். நான் கேட்கும் முன்பே, "கேக்கல" என்றார். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். அதுவும் ஐந்து வரிசைக்குக் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும், "வுட்டுடலாம்பா, நமக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்" என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று, அந்த மனிதர் தோற்றுப்போவதைப் பார்க்க நாங்களே வண்டி கொடுத்து அனுப்பியிருக்கிறோம். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நாலரை மணிக்கு சைரன் அடித்தது. அண்ணன் டீக்கு வரமாட்டேன் என்றார். வெல்டரும் நானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். போகாவிட்டால் அன்றோடு போய்விடும் என்று பயமாக இருந்தது.

கேன்டீன் அம்மா அவரைப் பார்த்ததும் சின்னத் தூக்கை எடுத்தார். "பெரியப்பா தவறிட்டாராமே? சூபர்வைசரு சொன்னாரு. நேத்து அங்கதான் இருந்தீங்களா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"அப்ப கடைசி எபிசோடு பாத்துருக்க மாட்டீங்க" என்றார் அம்மா. டீயை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். பின்னால் வரிசை நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. "சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தவங்க கிட்ட போய் கதை சொல்றாளேன்னு நெனைக்காதீங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு சொல்றேன்."

"சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன்.

"அந்த பேங்க்காரரு புதுச் சட்டை போட்டுகினு போறாரு. கேட்டண்ட நிக்கிறாரு. எப்பவும் போல ஒண்ணும் பேசாம திரும்பிட்டாரு. தெரு முனை வரைக்கும் போய்ட்டாரு." அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "அப்ப அந்தம்மாவே கேட்ட தொறந்துகினு பின்னாடி வந்தாங்க. 'இன்னாங்க, இத்தினி மாசமா வரீங்க, போறீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாதான் இன்னா? நான் வேணாம்னா சொல்லப் போறேன்?' அப்படின்னு கேட்டாங்க."

"இல்லியே, பஜ்ஜி..." என்று நான் ஆரம்பித்தேன். அடுத்த நொடி என் கால் மேல் அண்ணனின் சேஃப்டி ஷூ ஏறியது. முனையில் இரும்பு வைத்த ஷூ. நானும் அதே ஷூதான் போட்டிருந்தேன் என்றாலும், அவர் மிதித்தது இரும்பு இல்லாத இடம். மாடு, பூ, ஜிலேபி, தூக்கு டீ எல்லாம் அந்த வலியில்தான் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு விளங்கியது. என் மனைவி ஒரு நாளும் தூங்கவில்லை.

அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம்? அவரு இன்னா சொன்னாரு?"

"அத காட்டல. அதோட முடிச்சிட்டாங்க" என்றார் அம்மா. முகம் சிவந்திருந்தது. அடுப்புச் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணன் டம்ளரைக் கவுன்டரில் வைத்தார். "எனக்குப் பெரியப்பாவே கெடையாதும்மா" என்றார்.

பிரஸ் ஷாப் குரல். தட்டு, டம்ளர் சத்தமெல்லாம் நின்றது. மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த சூபர்வைசர் மெல்லத் தலையைத் தூக்கினார். வெல்டர் தூணுக்குப் பின்னால் போனார்.

"ஒருத்தரும் சாவல. நேத்து நான் வூட்லதான் இருந்தேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன்."

அம்மா அப்படியே நின்றார். ஓடிப்போகவும் இடமில்லை, பின்னால் அடுப்பு. அவர் கை மட்டும் கரண்டியைத் தேடியது. ஒரு நிமிடம் எனக்கு இரண்டு பேரையும் பார்க்கவே முடியவில்லை. ஐயோ, இந்த மனிதர் அவர்களை இப்படி அவமானப்படுத்திவிட்டாரே என்று நினைத்தேன்.

"அந்த ஆளு இன்னா சொன்னாருன்னு நான் சொல்லட்டா?" என்று கேட்டார் அண்ணன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு, லேசாகத் தலையை ஆட்டினார்.

அண்ணன் கவுன்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பேசினார். கேன்டீன் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினோம். ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு வருட சர்வீஸில் அந்த மனிதர் முதன்முறையாக மெதுவாகப் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாயிற்று, சிரிப்பாரே தவிர சொல்ல மாட்டார். சைரன் அடித்தது. எல்லாரும் எழுந்தோம். சைரனுக்கு ஒரு நாளும் பிந்தாத அண்ணன் அங்கேயே நின்றார். வெல்டரும் நானும் போய் அவர் பிரஸ் முன்னால் நின்றுகொண்டோம், யாராவது கேட்டால் பாத்ரூம் போயிருக்கிறார் என்று சொல்ல. இதற்கு யாரையும் சாகடிக்க வேண்டியிருக்கவில்லை.

சூபர்வைசர் எங்கள் இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தார். 'இல்லாத நபரின் மரணத்தைத் தெரிவித்தமைக்காக' என்று அதில் இருந்தது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தை மாதம் குன்றத்தூர் மலைக் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். செக்‌ஷன் சார்பில் பெரிய ரோஜா மாலை கொண்டுவந்தார். "அன்னிக்குப் போட வேண்டியது" என்று சொல்லி அண்ணன் கழுத்தில் போட்டார். அண்ணன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கு மறுநாள் காலையைப் பற்றி. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நீ தூங்கல, மாடுதான் தின்னுது" என்று ஒத்துக்கொண்டேன்.

"செவப்பு மாடு" என்றாள்.

"செவப்பு மாடுதான்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குறை. கேட்டே விட்டேன். "அந்தம்மா அண்ணனுக்காக எவ்ளோ கதைய மாத்திகிறாங்க பாரு. நீ ஏன் எனக்கு ஒரு நாளும் மாத்திச் சொல்லல?"

அவள் கீரையை விட்டுத் தலை தூக்கவில்லை. "உனக்கு எதுக்குயா மாத்திச் சொல்லணும்? அவரு கேட்டுக்கு வெளிய நின்னுகினு இருந்தாரு, கூப்புட வேண்டி இருந்துச்சு. நீதான் உள்ள வந்து குந்திகினு இருவது வருஷம் ஆவுதே."

எழுந்து, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டை பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கிண்ணத்தில் கலக்கிக்கொண்டிருந்தபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"குனி. பின்னாடி எப்பவும் வெள்ளையாவே வுட்டுடுற. உனக்குத் தெரியாது, பஸ்ல பின்னாடி சீட்டுல குந்துறவங்களுக்கெல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே, பிடரியிலிருந்து மேலாக, நிதானமாக அடிக்க ஆரம்பித்தாள்.